அப்பிடியா நடந்துச்சு?

நான் சாக்கடையில் விழுந்த செய்தி, தேதி போட்டு, கையெழுத்தோடு, முறைப்படி மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அந்த அம்மாதான் காரணம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் அவருடைய கடை. டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டில் மூன்று வரி. பிள்ளைகளுக்கு அவர் டைப்பிங் அக்கா. எனக்கு மேடம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்தான். ஆனால் அந்த மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் வீட்டுப்பாடம் எழுதாமல் பள்ளிக்கூடம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். சித்திரை வெயிலிலும் பச்சை ஸ்வெட்டர் போட்டிருப்பார். கழுத்துச் சங்கிலியில் அரிசி அளவுக்கு ஒரு சிலுவை. மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த காலுக்குப் பதிலாகக் காதில் ஒரு பட்டு நூல் மாட்டியிருக்கும். பக்கத்தில் டீ ஆறிக்கொண்டே இருக்கும். அவர் அதைச் சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

முதல் தடவை நான் போனது தெருவிளக்குக்காக. எங்கள் பிள்ளையார்பாளையம் தெருமுனையில் விளக்கு எரியவில்லை. மனு கொடுப்பது என்று முடிவானது. வாய் நீளமுள்ளவன் என்று தெருக்காரர்கள் என்னை அனுப்பினார்கள். நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் சேல்ஸ்மேன். மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேலையை உதறி விரித்து, “இந்தக் கலரு உங்களுக்காகவே சாயம் போட்டாங்கம்மா” என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவன். நாற்பது பேருக்கும் அதே கலர்தான்.

அந்தத் தெம்பில் ஆரம்பித்தேன். “ஐயா, இருளில் மூழ்கிய எங்கள் பகுதியில் பல உயிர்கள் பலியாகும் அபாயம்...”

தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த கீபோர்டு நின்றுவிட்டது. விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே இருந்தன. என்னைப் பார்த்து, “அப்பிடியா நடந்துச்சு?” என்றார்.

“நடக்கலாம்ல மேடம்.”

“யாருனா விழுந்தாங்களாண்ணா?”

“...நான் விழுந்தேன்.”

“எங்க?”

“சாக்கடைல.”

“எது வரைக்கும்?”

“முட்டி வரைக்கும். ஒரு செருப்பு இன்னும் உள்ளதான் இருக்குது.”

கீபோர்டு ஓட ஆரம்பித்தது. ‘நான் முழங்கால்வரை சாக்கடையில் விழுந்தேன். இடதுகால் செருப்பு கிடைக்கவில்லை’ என்று அச்சாகி வந்தது. மானம் போனாலும் போகட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலகத்தில் ஒருவர் படித்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்ட, அவர் மூன்றாமவரைக் கூப்பிட, அந்த வாரமே விளக்கு வந்துவிட்டது. விளக்கு மாட்ட வந்த ஆள் ஏணியிலிருந்தபடியே, “செருப்பு கெடச்சிதா சார்?” என்று விசாரித்தான்.

அவரிடம் இருந்தது இந்த ஒரே ஒரு குணம்தான். பொய் சொல்லாதே என்று அவர் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. முகத்தைக்கூடச் சுளித்ததில்லை. வாக்கியம் கொஞ்சம் உப்பிக்கொண்டு வந்தால் விரல்கள் நின்றுவிடும். பிறகு அந்த ஒரு கேள்வி. அதற்குப் பிறகு, நாம் ஒழுங்கான ஒரு வாக்கியம் சொல்லும் வரைக்கும், ஃபேன் சத்தம் மட்டும்தான்.

ஒருநாள் என் கண் முன்னால் ஒரு மில் சூப்பர்வைசர் லீவு லெட்டருக்கு வந்தார். கடும் காய்ச்சல் என்றார். சொல்லும்போது கையில் பாதி போண்டா இருந்தது. விரல்கள் நின்றன.

“காய்ச்சலாண்ணா?”

அவர் போண்டாவைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். “மாமியார் ஊர்ல கூழ் ஊத்துறாங்கமா. போகலன்னா சண்ட வரும்.”

‘மாமியார் ஊரில் கூழ் வார்க்கும் திருவிழா. போகாவிட்டால் வீட்டில் சண்டை வரும்’ என்று அடித்துக் கொடுத்தார். லீவு கிடைத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மேனேஜரும் யாரோ ஒருவருக்கு மருமகன்தானே.

இன்னொரு அம்மாள் மகனுக்குக் கல்யாண ஜாதகத்தோடு போடுகிற விவரத்தாள் அடிக்க வந்தார். ‘கெட்ட பழக்கம் எதுவும் இல்லை’ என்றதும் சத்தம் நின்றது. மகன் வாசலிலேயே நின்றிருந்தான். “கேரம் போர்டு ஆடுவேன்க்கா. வூட்டுக்கு வர லேட்டாவும்” என்று அவனே ஒப்புக்கொண்டான். அது அப்படியே தாளில் ஏறியது. அம்மாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்.

அந்தக் கடையில் எப்போதும் இரண்டு நாற்காலி காலியாக இருந்ததற்கு இதுவும் காரணம். பிறந்தநாள் போஸ்டர்க்காரர்கள் ஒரு தடவை வந்து, ‘வருங்காலமே’ என்கிற இடத்தில் சத்தம் நின்றதும் எழுந்து போனவர்கள்தான். நானே இரண்டு முறை வேறு கடைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு பையன் நான் சொன்னதையெல்லாம் அடித்தான், சொல்லாததையும் சேர்த்து அடித்தான். அந்த மனுக்கள் எந்த மேஜையில் தூங்குகின்றனவோ தெரியாது.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அவர் அரக்கோணம் பக்கம் போய்விட்டார் என்று சொன்னார்கள். போவதற்கு முந்தின வருஷம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் பிளஸ் டூ முடிக்கிற நேரம். ஊர்களைத் திட்டமிடுகிற படிப்பு என்று ஒன்று இருக்கிறதாம். ரோடு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையெல்லாம் படிப்பார்களாம். அதைச் சொல்லித்தரும் ஒரு கல்லூரி வடக்கே இரண்டு ரயில் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. அவளுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது அந்த ஒரே இடம்தான். இல்லாவிட்டால் பக்கத்தில் பி.காம். பி.காம் என்று யாராவது சொன்னால் அவள் தட்டில் இருக்கிற சோற்றைப் பிசைவதை நிறுத்திவிடுவாள்.

அந்தக் கல்லூரியில் மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்களாம். உன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுது, தலைப்பை நீயே தேர்ந்தெடு என்று போட்டிருந்தார்கள். ‘நீயே’ என்பதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மாடு, மழை, என் பள்ளி என்று தலைப்பு கொடுத்தால் மனிதன் எப்படியாவது தப்பித்துக்கொள்வான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கித் தலைப்பு எழுத ஆரம்பித்தேன். மூன்று நாளில் பதினேழு தலைப்பு. கடையில் பச்சைச் சேலை கேட்டவர் பையில் மாம்பழக் கலரை வைத்து அனுப்பினேன். முதலாளி முறைத்தார். ராத்திரிச் சாப்பாட்டில் மோரை ஊற்றி, அதன் மேல் சாம்பாரை ஊற்றினேன்.

“பரீட்ச அவளுக்கா, உங்களுக்கா?” என்றாள் மனைவி.

“தலைப்பு மட்டும் புடிச்சிக் குடுத்துட்டா நான் பேசாம இருப்பேன்.”

“நீங்க பேசாம இருந்தத நானே ஒரு கட்டுரையா எழுதலாம்” என்றாள். அது பதினெட்டாவது தலைப்பாக நோட்டில் ஏறவில்லை.

எனக்குப் பிடித்தது ஒன்றாம் நம்பர் தலைப்புதான். ‘ஏழை நெசவாளியின் மகள்.’ காஞ்சிபுரம் என்றால் வடக்கே இருக்கிறவர்கள் வேறென்ன எதிர்பார்ப்பார்கள்? எங்கள் வீட்டில் தறி இல்லை என்பது ஒரு சின்ன இடைஞ்சல். எதிர்வீட்டில் இருக்கிறதே. அவர்கள் தறியில் மகளை உட்கார வைத்து, கையில் குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவைக் கொடுத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி போட்டோ எடுத்தேன். அவள், “வேணாம்பா, அசிங்கமா இருக்குது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த முகச்சுளிப்பும் வறுமை மாதிரியே நன்றாக விழுந்தது.

திங்கட்கிழமை இருவரும் டைப்பிங் கடைக்குப் போனோம். போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தேன். மேடம் பட்டு நூலைக் காதில் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார்.

“பாப்பா இன்னா நெய்யிதுண்ணா?”

“சேலதான். பட்டுச்சேல.”

“பாவே இல்லையே.”

பார்த்தேன். சேலையின் நீளவாட்டுக்கு ஓடுகிற நூல்தான் பாவு. எதிர்வீட்டில் முந்தின நாள்தான் கடைசிச் சேலையை அறுத்திருக்கிறார்கள். தறியில் சாண் அளவுக்கு மிச்ச நூல் தொங்குகிறது, அதற்கப்பால் வெறும் காற்று. இருபத்து மூன்று வருஷமாகப் பட்டுச்சேலை விற்கிறவன், நூலில்லாத தறியில் மகளை நெய்ய வைத்துப் போட்டோ எடுத்திருக்கிறேன். மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

நான் விடவில்லை. “போட்டோ வேணாம் மேடம். எழுத்துல வந்தா போதும். ஏழைப் பொண்ணு, கஷ்டப்பட்ட குடும்பம், தறிச் சத்தத்துல படிச்சிதுன்னு உருக்கமா...”

விரல்கள் கீபோர்டிலிருந்தே எழுந்துவிட்டன. அவற்றை மடியில் வைத்துக்கொண்டார். அவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“எனக்கும் காலேஜ் சீட்டுக்கு ஒருத்தர் லெட்டர் எழுதிக் குடுத்தாருண்ணா. எங்கப்பா கழனில கூலிக்குப் போனவரு. அநாதரவான பொண்ணு, அடுத்த வேளைக்கி சோறில்ல, இரக்கம் காட்டுங்கன்னு. எங்க வூட்ல சோறு இருந்திச்சி. சீட்டு குடுத்தாங்க. மூணு வருஷம் காலேஜ்ல அந்த லெட்டரைத்தான் போட்டுக்கினு திரிஞ்சேன். நல்ல துணி போட்டாக்கூட ‘யாரு குடுத்தாங்க’ம்பாங்க.” என் மகளைப் பார்த்தார். “நீ தூக்கிக்கினு நடக்கிற மாதிரி ஒண்ணு சொல்லு பாப்பா. வெள்ளிக்கெழம வா.”

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். பகல் பன்னிரண்டு மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும். எட்டு மணிக்கே கடையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நான் ஏழே காலுக்கே கிளம்பிப் போய் ஷட்டர் முன்னால் நின்றேன். கடை திறந்தது. எட்டரை ஆயிற்று. மகளைக் காணோம். ஒன்பது தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. அதற்குள் மேடத்திடம் மிச்சமிருந்த தலைப்புகளைச் சொல்லிப் பார்த்தேன்.

“வெள்ளத்துல ஜனங்களுக்குச் சேவை செஞ்சா.”

“அப்பிடியா நடந்துச்சு?”

“மொட்ட மாடிலேர்ந்து பாத்தா.”

“ம்.”

“தாத்தா சொதந்திரப் போராட்ட தியாகி.”

“அப்பிடியா?”

“ஜெயிலுக்குப் போனாரு மேடம். வேற விஷயமா.”

ஒன்பது மணிக்கு மகள் வந்தாள். சுடிதார் ஓரமெல்லாம் கஞ்சி. செருப்பில் ஈரம்.

“எங்கடி போன? மணி இன்னா தெரியுமா?” என்று குதித்தேன்.

“இன்னிக்கி நம்ம வூட்டு மொறப்பா. மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தது. சரியாகச் சொன்னால், நாலு வருஷமாக முயற்சி செய்து மறந்துகொண்டிருந்தேன்.

“இன்னா மொற பாப்பா?” என்றார் மேடம். ஓரத்து நாற்காலியில் ஒரு பெரியவர் ஓய்வூதிய மனுவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மகள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “எங்க தெருவுல பாவு நீட்டுவாங்கக்கா. விடியக்காலைல தெருவு பூரா நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காய வெப்பாங்க. அது காயுற வரைக்கும் தெருமுனைல ஒருத்தர் நின்னு வண்டிய மறிக்கணும். தறி இருக்கிற வூடு, இல்லாத வூடுன்னு கெடையாது, எல்லாருக்கும் மொற உண்டு. எங்க வூட்டுக்கு நான்தான் நிப்பேன். ஒம்பதாவதுலேர்ந்து.”

“வண்டிக்காரங்க கேப்பாங்களா?”

“கத்துவாங்க. அப்புறம் முந்தின நாளே சிலேட்டுல எழுதி வெக்க ஆரம்பிச்சேன். நாளைக்கி இந்தத் தெரு மூடி, பால் வண்டி அந்தச் சந்துல போ, ஸ்கூல் வேன் இந்தப் பக்கம் திரும்புன்னு. இப்ப யாரும் கத்தறதில்ல. ஒரே ஒருவாட்டிதான்...”

“ஒருவாட்டி?”

“பங்குனி உற்சவம்க்கா. ராஜவீதி பூரா சாமி. வேற வழியே இல்ல. ஆட்டோல ஒரு பொண்ணு, பப்ளிக் எக்ஸாமுக்குப் போவுது, ஹால் டிக்கெட்டக் கடிச்சிக்கினு அழுவுது. பாவு ஈரமா இருக்குது, சுருட்ட முடியாது. எனக்கு இன்னா தோணிச்சின்னா, நவுத்தலாம். ரெண்டு முனைலயும் கட்டைய அவுத்து நாலு நாலு பேரு புடிச்சிக்கினாங்க. நடுவுல நூலத் தாங்குற கோலுக்கு ஒரு ஆளு. நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண எண்ண, எல்லாரும் இழுத்த இழுப்பு விடாம அப்பிடியே பக்கவாட்டுல நாலு அடி. செவுத்தோரம். ஆட்டோ போச்சி. திரும்பியும் நாலு அடி.”

“நூலு?”

“ஆறு இழ அறுந்துச்சி. பாவுக்காரரு ரெண்டு நாளு எங்கிட்ட பேசல.”

மணி ஒன்பதரை. பன்னிரண்டுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம்தான். கீபோர்டு வேறு தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் பெரியவரின் மனுவை அடித்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்.

“மேடம், கத அப்புறம் பேசலாம். நம்ம வேலைய மொதல்ல பாருங்க, தலைப்பே இன்னும் வரல!”

“அதத்தான்ணா பாத்துக்கினு இருக்கேன்” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எட்டிப் பார்த்தேன். சிலேட்டு இருந்தது, பால் வண்டி இருந்தது, ஆறு இழை அறுந்தது இருந்தது. அந்தக் கீபோர்டு அவ்வளவு நேரம் நிற்காமல் ஓடி நான் கேட்டதே இல்லை.

“அறுந்தத எடுத்துடலாமே” என்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

“ஒம்பதாவதுலேர்ந்து நீ நிக்கிறன்னா, அதுக்கு முன்ன யாரு?” என்றார் மேடம்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“அப்பா நின்னாருக்கா. ஒரு தண்ணி லாரி வந்துச்சி. ஹாரன் அடிச்சான். அப்பா...”

“வழிவிட்டாரு” என்று முந்திக்கொண்டேன். “தந்தையார் பெருந்தன்மையோடு வழிவிட்டார்னு போடுங்க.”

விரல்கள் நின்றன. ஃபேன் சத்தம். ஓய்வூதியப் பெரியவர் நாற்காலியோடு ஓரடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அப்பிடியா நடந்துச்சுண்ணா?”

“...ஒதுங்குனேன்.”

விரல்கள் அசையவில்லை.

“ஓடுனாருக்கா” என்றாள் மகள் மெதுவாக. “பக்கத்துத் தெரு வரைக்கும்.”

“அதுக்கும் அடுத்த தெரு” என்றேன் நான். எப்படியும் போகிற மானம், அளவாவது சரியாகப் போகட்டும் என்று தோன்றியது.

கீபோர்டு ஓடியது. ‘என் அப்பா இரண்டு தெரு தள்ளி ஓடிவிட்டார். ஏனென்றால் அவருக்கு லாரி என்றால் பயம். அன்றைக்கு யாராவது நிற்க வேண்டியிருந்தது. அதனால் நான் நின்றேன்.’ மகள் அதைத் திரையில் படித்தாள். பிறகு என் தோளில் கஞ்சிக் கையை வைத்தாள். சட்டை போனது.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவளே அதை இங்கிலீஷில் எழுதினாள். எனக்கு ஒரு வேலையும் இல்லாததால், கரண்ட் போய்விடக் கூடாது என்று பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். “கரண்டு கம்பத்துலேர்ந்து வருது சார்” என்றார் பெரியவர். இருந்தாலும் விடவில்லை. பதினொன்றே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மேடம் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “ஐயா, உங்க மனு” என்று பெரியவர் பக்கம் திரும்பினார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு மாலை நாலு மணிக்கு முடிவு மெயிலில் வரும் என்றார்கள். போனிலேயே பார்க்கலாம். பெரிய திரையில் அக்காவோடுதான் பார்ப்பேன் என்றாள் மகள். நானும் கூடப் போனேன். கடை வாசல் வரைக்கும்தான் போக முடிந்தது. “டீ குடிச்சிட்டு வரேன்” என்று ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய்விட்டேன். டீ வாங்கினேன். கண் எதிர்க்கடையிலேயே இருந்ததால் பாதி டீ சட்டைக்குப் போனது.

ரோட்டுக்கு அந்தப்புறம், திறந்த ஷட்டருக்குள் இரண்டு தலைகள் திரைமேல் குனிந்திருப்பது தெரிந்தது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அந்த அம்மாவின் முகத்தில் எப்போது என்ன தெரிந்திருக்கிறது? நடுவில் பஸ் போனது. லாரி போனது. சேலை வாங்க வந்த வெளியூர் வேன் போனது. ஒவ்வொரு வண்டி போன பிறகும் அந்தத் தலைகள் அதே இடத்தில் அசையாமல் இருந்தன. பி.காமும் நல்ல படிப்புதான் என்று டீக்கடைக்காரரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அப்போது மேடம் எழுந்தார். கடையில் ஆள் இருக்கும்போது அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. பச்சை ஸ்வெட்டரோடு வாசலுக்கு வந்தார், படியிறங்கினார், இந்தப்பக்கம் என்னைத் தேடினார். நான் ரோட்டோரம் வந்து நின்றேன். வண்டிகள் விடவில்லை. இரண்டு தடவை ஒரு காலை எடுத்து வைத்து, இரண்டு தடவையும் பின்வாங்கினேன்.

அவர் நேராக ரோட்டின் நடுவுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிய டவுன் பஸ்ஸுக்கு எதிரே இரண்டு கையையும் விரித்து நின்றார். பிரேக் கிறீச்சிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஹாரன் அடித்தன.

“வாங்கண்ணா” என்று கத்தினார். “மெதுவா வாங்க. எல்லாம் நிக்கிது.”

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “இன்னாமா இது, ரோடா உங்க வூடா? இன்னா ஆச்சி?”

“சீட்டு கெடச்சிருச்சிபா” என்றார் அந்த அம்மா, கையை இறக்காமலே.

“யாருக்கு?”

“எங்க பாப்பாவுக்கு.”